கடைசித் திருத்தம் எங்கே நடக்கிறது?

ஒரு மரண அறிவித்தலில், தகன நேரம் பத்திரிகையில் முற்பகல் 10 மணி என்றும் அதே பத்திரிகையின் இணையத்தளத்தில் பிற்பகல் 2 மணி என்றும் இருந்தது. குடும்பத்தினர் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தொலைபேசியில் அழைத்து நேரத்தை மாற்றியிருந்தார்கள். ஒப்புநோக்குநர் அதைத் தாளில் திருத்தினார், பக்கம் கட்டுபவர் பக்கத்தில் திருத்தினார். இணையத்துக்கோ அந்த அறிவித்தல் மாலை ஆறு மணிக்கே போய்விட்டிருந்தது. இணையத்தைப் பார்த்துக் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்ட உறவினர் சிலர் மயானத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காடாற்று முடிந்த கையோடு அந்த வீட்டின் மூத்த மகன் காரியாலயத்துக்கு வந்து, சத்தம் போடாமல், பத்திரிகையையும் கைத்தொலைபேசியையும் மேசையில் அருகருகே வைத்துக் காட்டிவிட்டுப் போனார். அந்த இணையத்தளமும் அதன் பின்னால் இயங்கிய, செய்திகளைச் சேமித்துப் பிரசுரிக்கும் உள்ளடக்க முகாமைத்துவ முறைமையும் நான் வடிவமைத்தவை.

நான் மென்பொருள் எழுதுபவன். பத்திரிகைத்துறையில் பயின்றவன் அல்லன். யாழ்ப்பாண நகரில் இயங்கும் சிறிய நாளிதழ் ஒன்றின் ஆசிரியபீடம் உள்ளுக்குள் பயன்படுத்துவதற்கான முறைமையை ஒரு முறை பிழையாகவும், அதன்பின் ஓரளவு சரியாகவும் கட்டினேன். இரண்டாவது முறை எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பதை, இதே வேலையில் இறங்கக்கூடிய வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் வடிவமைப்பு பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. வெண்பலகையில் ஐந்து பெட்டிகளை வரைந்திருந்தேன்: வரைவு, செம்மையாக்கம், ஒப்புநோக்கு, அனுமதி, பிரசுரம். ஒவ்வொரு செய்தியும் இடமிருந்து வலமாக நகரும். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகர்த்தும் அதிகாரம் குறிப்பிட்ட பதவியில் இருப்பவருக்கு மட்டுமே உண்டு. கட்டுவதற்கு ஜாங்கோவைத் தெரிந்தெடுத்தேன். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோறன்ஸ் என்ற சிறு நகரத்து நாளிதழின் இணையப் பிரிவில் அட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் எழுதத் தொடங்கி, 2005இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்ட, இணையச் செயலிகளைக் கட்டுவதற்கான மென்பொருட் சட்டகம் அது. செய்தியறையின் அவசரத்துக்குள் பிறந்தது என்பதால், தரவுகளின் அமைப்பை நாம் எழுதிக்கொடுத்தால் அவற்றைப் பதிவதற்கான திரைகளைத் தானே உருவாக்கித் தந்துவிடும். கருவியில் எந்தக் குறையும் இருக்கவில்லை. நான் வரைந்த பெட்டிகள்தான் அந்தக் காரியாலயத்தில் எங்கும் இல்லாதவையாக இருந்தன.

உண்மையில் நடப்பது இதுதான். பருத்தித்துறையிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ பிராந்தியச் செய்தியாளர் வட்ஸ்அப்பில் செய்தியை அனுப்புவார். சில வேளை அது எழுத்தாகவும், பல வேளை மோட்டார்சைக்கிளை ஓரங்கட்டிவிட்டுப் பேசிய குரற்பதிவாகவும் இருக்கும். தட்டச்சு செய்பவர் அதைப் பாமினி எழுத்துருவில் அடிப்பார். உதவி ஆசிரியர் செம்மைப்படுத்துவார். அதன்பின் அது தாளில் அச்சாகி ஒப்புநோக்குநரிடம் போகும். சிவப்பு மையோடு திரும்பி வரும். திருத்தங்களைப் பக்கம் கட்டுபவர் நேராக, பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் உள்ள பக்கத்திலேயே போடுவார். இரவு பத்து மணிக்கு மேல், பக்கம் பிளேற்றுக்கு, அதாவது அச்சுத் தகட்டுக்கு, போவதற்கு முன்னர், செய்தி ஆசிரியர் பக்கம் கட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு தலைப்பை மாற்றச் சொல்வார், ஒரு பெயரை எடுக்கச் சொல்வார், “உயிரிழந்தார்” என்பதை “உயிரிழந்ததாகப் பொலிஸார் தெரிவித்தனர்” என்று ஆக்கச் சொல்வார். ஒரு செய்தி மிகவும் பொறுப்போடு பார்க்கப்படும் அரை மணித்தியாலம் அதுதான். அந்த அரை மணித்தியாலத்தில் நடந்த எதுவும் என் முறைமைக்குத் தெரியாது. முறைமையில் இருந்தது மாலை ஆறு மணிச் செய்தி. இணையம் வாசித்ததும் அதைத்தான்.

ஐந்து பெட்டிகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரதம ஆசிரியர் ஒரு கலியாண வீட்டில் இருந்த இரவில் “அனுமதி” பெட்டிக்குள் பதினேழு செய்திகள் தேங்கி நின்றன. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது அவருடைய கடவுச்சொல் ஒரு மஞ்சள் துண்டில் எழுதப்பட்டுப் பக்கம் கட்டுபவரின் திரையில் ஒட்டப்பட்டிருந்தது. தரவுத்தளத்தின்படி பிரதம ஆசிரியர் அந்த மாதத்தில் ஒரு நாள்கூட உறங்கவில்லை. கட்டுப்பாட்டைக் கூட்டப் போய், யார் எதைச் செய்தார் என்று அறியக்கூடிய ஒரேயொரு தடயத்தையும் நானே அழித்துவிட்டிருந்தேன்.

அந்த ஒப்புநோக்குநர் இளைப்பாறிய தமிழ் ஆசிரியை. காரியாலயத்தில் எல்லோரும் அவரை ரீச்சர் என்றுதான் அழைப்பார்கள். மரண அறிவித்தல் விவகாரத்துக்குப் பிறகு அவரிடம் போய், முறைமையில் ஒப்புநோக்குவதற்கென்று ஒரு திரை இருக்கிறதே, ஏன் பயன்படுத்துவதில்லை என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “தம்பி, நான் பிழை திருத்திறது தாளிலை. உம்மடை பெட்டிக்குள்ளை கிடக்கிறதை ஆர் திருத்தினது?” என்று கேட்டார். ஒருவரும் திருத்தவில்லை என்பதுதான் விடை. கடைசித் திருத்தம் எங்கே நடக்கிறதோ அங்கேதான் செய்தியின் மூலப் பிரதி இருக்கிறது. என் தரவுத்தளத்தில் இருந்தது ஒரு பழைய பிரதி. இரண்டாவது வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு விடயத்தைச் சுற்றியே எழுந்தது.

திருத்தத்தை முறைமைக்குள் கொண்டுவர இரண்டு வழிகள் இருந்தன. ரீச்சரையும் பக்கம் கட்டுபவரையும் என் திரைக்கு இழுத்து வருவது ஒன்று. பக்கத்தில் நடந்த திருத்தத்தை முறைமை தானே திரும்ப வாசித்துக்கொள்வது மற்றொன்று. முதல் வழியை ஒரு மாதம் முயன்று கைவிட்டேன். தாளில் கோடுபோட்டு வாசிக்கும்போது பிடிபடும் பிழை திரையில் பிடிபடுவதில்லை என்று ரீச்சர் சொன்னதை நான் முதலில் பழக்கதோசம் என்று நினைத்தேன். ஒரே செய்தியை இருவிதமாகவும் வாசிக்கவைத்துப் பார்த்த பின்னர் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது வழியின் குறுக்கே பாமினி நின்றது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகை, பாடசாலை வினாத்தாள், கோயில் துண்டுப்பிரசுரம் எல்லாமே நெடுங்காலமாகப் பாமினியில்தான் அடிக்கப்பட்டு வந்தன. பாமினி என்பது தமிழ் உருவங்களை ஆங்கில எழுத்துகளின் இருப்பிடங்களில் வைத்திருக்கும் ஓர் எழுத்துரு மட்டுமே. புள்ளி அரைப்புள்ளியின் விசையில் இருப்பதால், எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி அரைப்புள்ளி கொட்டிக் கிடக்கும். இணையத்துக்கும் தேடலுக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே இலக்கத்தைத் தரும் யுனிகோட் வேண்டும். அச்சுக்கோ, அந்தக் காரியாலயத்தில் இருந்த இன்டிசைன் பழைய பதிப்பு என்பதால், யுனிகோட் தமிழைக் கொடுத்தால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி நின்றன. எனவே மூலத்தை யுனிகோட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்துக்குப் போகும்போது பாமினியாக மாற்றி, பக்கத்திலிருந்து திரும்பும்போது மறுபடி யுனிகோட்டாக மாற்ற வேண்டியிருந்தது.

போகும் வழி இலகு. திரும்பும் வழியில்தான் கண்ணிகள் இருக்கின்றன. பாமினியில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே, மெய்யெழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும். யுனிகோட்டில் அது மெய்க்குப் பின்னால் பதிவாகும். ஔகாரத்தின் வலப்பக்கத்துக்குப் பாமினி தனி உருவம் எதையும் வைத்திருக்கவில்லை. “ள” எழுத்தையே பயன்படுத்தும். ஆகவே “தெளிவு” என்று அடித்ததை ஒரு சோம்பேறி மாற்றி வாசித்தால், முதல் மூன்று உருவங்களையும் “தௌ” என்று எடுத்துக்கொண்டு, எஞ்சிய விசிறியை (இகரக் குறியை) அந்தரத்தில் தொங்கவிட்டு “தௌிவு” என்று தரும். “வௌிநாடு”, “வௌியீடு” என்று எங்கள் செய்தித் தளங்களில் இன்றைக்கும் காணக்கிடைப்பவை இப்படிப் பிறந்த குழந்தைகள்தான். அடுத்த கண்ணி இன்னும் நுட்பமானது. அச்சில் வடிவாக இருக்கிறது என்பதற்காகப் பல தட்டச்சாளர்கள் “ர்” என்பதற்குப் பதிலாக அரவுக் காலின் மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது. யுனிகோட்டுக்கு வந்ததும் “அவர்” வேறு, “அவா்” வேறு. “ஆசிரியர்” என்று தேடுபவருக்கு “ஆசிரியா்” அகப்படாது. தமிழ் எண் ஏழும் எகரமும் ஒன்றுபோலவே தெரிவதும், “கொ” என்பதை ஒரே குறியாகவோ கொம்பும் காலுமாக இரண்டாகவோ பதிய முடிவதும் இதே வகைத் தொல்லைகள். இவற்றுக்கெல்லாம் விதிகளை எழுதி, முறைமைக்குள் நுழையும் ஒவ்வொரு வரியும், அது பாமினியிலிருந்து வந்தாலும் கைத்தொலைபேசியிலிருந்து வந்தாலும், முதலில் அந்தச் சல்லடையினூடாகவே போக வேண்டும் என்று வைத்தேன். நான் எழுதிய நிரலில் என்னை அதிகம் பெருமைப்படவைப்பது இந்தச் சல்லடைதான். யாருமே இதுவரை அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அதன்பின் திரும்ப வாசிக்கும் பகுதி. செய்தி பக்கத்துக்குப் போகும்போது, அதன் இலக்கம் இன்டிசைனில் அந்த எழுத்துப் பெட்டியோடு கண்ணுக்குத் தெரியாத குறியாக ஒட்டிக்கொள்கிறது. பக்கம் கட்டுபவர் வழக்கம்போல எதையும் மாற்றலாம், வெட்டலாம், பெட்டியைத் தூக்கி வேறு பக்கத்தில் வைக்கலாம். பக்கத்தை முடித்துப் பிளேற்றுக்கு அனுப்பும்போது ஒரு சிறு நிரல் எல்லாப் பெட்டிகளையும் வாசித்து, யுனிகோட்டாக மாற்றி, முறைமையில் உள்ள பிரதியோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுகிறது. வேறுபாடுகள் இணையப் பிரிவில் இரவுக்கடமையில் இருப்பவரின் திரையில், பழைய சொல் இடப்பக்கமும் புதிய சொல் வலப்பக்கமுமாக விழுகின்றன. அவர் ஏற்றுக்கொண்டால் இணையத்தில் மாறும். ஏற்கவில்லையென்றால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். ரீச்சர் தாளிலேயே திருத்துகிறார், எவரும் தம் பழக்கத்தை மாற்றவில்லை. ஆனால் சிவப்பு மை இப்போது தரவுத்தளம் வரைக்கும் வந்து சேர்கிறது.

ஐந்து பெட்டிகளையும் எடுத்துவிட்டேன். இப்போது யாரும் எதையும் பிரசுரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு சேமிப்பும் பெயரும் நேரமும் கொண்ட தனிப் பதிப்பாக நிற்கும், எந்தப் பதிப்பும் அழிக்கப்படாது. அனுமதி தேவையில்லாதபோது பிறருடைய கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை. மஞ்சள் துண்டு இரண்டாம் வாரமே காணாமற்போனது.

மரண அறிவித்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பத்திரிகைகளில் மிகக் கவனமாக வாசிக்கப்படும் பகுதி அதுதான். தலையங்கத்தில் ஒரு பிழை இருந்தால் ஒருவர் கடிதம் எழுதுவார், அறிவித்தலில் பிழை இருந்தால் ஊரே தொலைபேசி எடுக்கும். அதன் வசனம் ஏறத்தாழ நிலையானது: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் இன்ன நாள் காலமானார், அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் ஆவார். இவ்வளவு ஒழுங்கான வடிவத்தைக் கண்டதும் எந்த நிரலாளருக்கும் கை துடிக்கும். விபரங்களைக் கட்டங்களில் நிரப்பினால் வசனத்தைக் கணினியே கட்டித்தரும்படி எழுதினேன். “நல்லூர்” என்றால் “நல்லூரை”, “நெடுந்தீவு” என்றால் “நெடுந்தீவை”, “யாழ்ப்பாணம்” என்றால் “யாழ்ப்பாணத்தை” என்று வேற்றுமை உருபுகளெல்லாம் சரியாகவே வந்தன. “புங்குடுதீவு 6ஆம் வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும்” என்பதுகூட வந்தது. தோற்றது இலக்கணத்தில் அல்ல, உறவுமுறையில். மூத்த மருமகனின் பெயர் முதலில் வர வேண்டும், காலஞ்சென்றவர்களின் பெயர்கள் இன்ன இடத்தில் வர வேண்டும், கனடாவில் இருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் நாடு வரவேண்டும், ஒருவருடைய பெயர் வரவே கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்களுக்குக் கட்டம் போட முடியாது. எனவே வசனத்தைக் குடும்பத்தார் எழுதித் தந்தபடியே விட்டுவிட்டு, திகதி, கிழமை, நேரம், மயானம், வயது ஆகிய ஐந்தை மாத்திரம் தனிக் கட்டங்களாகப் பிரித்தேன்.

அந்த ஐந்தும் பிரிந்து நின்றதில் கிடைத்த பயன் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. “12.03.2024 திங்கட்கிழமை” என்று யாராவது அடித்தால் அந்தத் திகதி செவ்வாய்க்கிழமை என்று முறைமை உடனே சிவப்பில் காட்டும், திகதி பிழையா கிழமை பிழையா என்பதைக் குடும்பத்திடம் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். எழுதுவதற்கு அரை நாள்கூடப் பிடிக்காத இந்தச் சரிபார்ப்பைத்தான் விளம்பரப் பிரிவில் இருப்பவர்கள் முறைமையின் முழு வேலையென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேரமோ மயானமோ பக்கத்தில் மாறினால், இரவுக்கடமையாளர் ஏற்கும்வரை காத்திராமல், இணையத்தில் உள்ள அறிவித்தல் தானாகவே “நேரம் மாற்றப்பட்டுள்ளது, உறுதிப்படுத்தவும்” என்ற குறிப்போடு நிற்கும். (இறந்த நாளை வைத்து 31ஆம் நாளைக் கணித்து, நினைவஞ்சலி விளம்பரம் கேட்டுக் குடும்பத்தாரை அழைப்பதற்கான பட்டியலொன்றும் வேண்டும் என்று விளம்பரப் பிரிவு கேட்டது. அதையும் செய்துகொடுத்தேன். அந்தப் பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒருமாதிரித்தான் இருக்கிறது.)

ஊர்ப்பெயர்கள் மற்றொரு பாடு. தெல்லிப்பழை, தெல்லிப்பளை, ஊர்காவற்றுறை, ஊர்காவற்துறை, காங்கேசன்துறை, காங்கேசந்துறை. எது சரி என்று ஆசிரியபீடத்தில் கேட்டுவிட்டு நான் ஒரு மணித்தியாலம் தேநீர் குடித்தேன். முடிவு வரவில்லை. ஆகவே முறைமையில் ஊர் என்பது ஓர் எழுத்துக்கூட்டாக இல்லாமல் ஓர் இலக்கமாக இருக்கிறது; அதற்குக் கீழே எத்தனை எழுத்துக்கூட்டும் இருக்கலாம். யாழ்ப்பாண மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் அடிப்படைப் பட்டியலாக உள்ளன. ஆனால் மக்கள் ஊர் என்று சொல்வது கிராம அலுவலர் பிரிவோடு எப்போதும் பொருந்தி வராது என்பதால் சந்தி, வட்டாரம், குறிச்சி ஆகியவற்றையும் பின்னர் சேர்க்க வேண்டியதாயிற்று.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாள்களைக் கண்டவர்களுக்கு, அடித்துக்கொண்டிருக்கும் வரி அந்தக் கணினியிலேயே சில விநாடிக்கு ஒருமுறை சேமிக்கப்பட வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிரதிகள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த மண் இது. ஆனால் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஈழநாடு பத்திரிகையின் காரியாலயமும் எரிக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய “நூலகம்” என்ற எண்ணிம நூலகம் பழைய இதழ்களைத் தேடித்தேடிப் படமெடுத்துச் சேர்க்க வேண்டியிருப்பது ஏன் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எனவே தரவுத்தளத்தின் ஒரு பிரதி காரியாலயத்திலும், ஒன்று வேறொரு வீட்டிலும், ஒன்று நாட்டுக்கு வெளியேயும் ஒவ்வொரு இரவும் போய்ச் சேருகின்றன. செலவு அதிகம் என்று நிருவாகம் முணுமுணுத்தது. செய்தி ஆசிரியர் எனக்காகப் பேசினார்.

திரும்ப வாசிக்கும் நிரல் ஓடத் தொடங்கி மூன்று மாதங்களுக்குப் பிறகு, நான் சரியென்று நினைத்து வைத்த ஒரு விதி காலை வாரிவிட்டது. பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியின் கடைசிப் பந்தியை வெட்டுவது வழக்கம். இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால், வாலில் நிகழும் வெட்டுகளைத் திருத்தமாகக் கணக்கெடுக்காதே, நடுவில் நிகழும் மாற்றங்களை மட்டும் காட்டு என்று எழுதியிருந்தேன். ஒரு நாள் காணித் தகராறு பற்றிய செய்தியொன்றின் கடைசி வரியில், பிரதேச சபை உறுப்பினர் ஒருவர்மீதான குற்றச்சாட்டு இருந்தது. உறுதிப்படுத்த முடியவில்லை என்று செய்தி ஆசிரியர் இரவில் அதை எடுக்கச் சொன்னார். பக்கத்தில் வெட்டப்பட்டது. நிரல் அதை இடத்துக்கான வெட்டு என்று எடுத்துக்கொண்டது. காலையில் இணையத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. பத்து மணியளவில் உறுப்பினர் அழைத்தார்.

வெட்டியவருடைய மனத்தில் இருந்ததை வெட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால், இப்போது நிரல் கேட்கிறது. வாலில் ஏதாவது குறைந்தால் பக்கம் கட்டுபவரின் திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றும்: “இடம் போதவில்லை”, “போடக் கூடாது”. ஒன்றை அழுத்தினால்தான் பக்கம் பிளேற்றுக்குப் போகும். நான் கட்டிய முறைமையில் ஒருவரை வழிமறித்து நிற்கும் இடம் இது ஒன்றுதான். பதில் சொல்ல இரண்டு விநாடி போதும். முதல் கிழமை பக்கம் கட்டுபவர் முறைத்தார், பின்னர் செய்தி ஆசிரியர் ஒரு வரியை எடுக்கச் சொல்லும்போது “எந்தப் பொத்தானை அமத்த?” என்று அவரிடமே கேட்கப் பழகிவிட்டார். செய்தி ஆசிரியரும் ஏன் எடுக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

படவிளக்கங்கள் இன்னும் இந்த வலைக்குள் வரவில்லை. அவை பக்கத்திலேயே நேரடியாக அடிக்கப்படுகின்றன, முறைமையில் அவற்றுக்கு இலக்கம் கிடையாது. சென்ற வாரம்கூட ஒரு பரிசளிப்பு விழாப் படத்தில் அதிபரும் பிரதம விருந்தினரும் இணையத்தில் இடம்மாறி நின்றார்கள். ரீச்சர் அதைத் தாளில் சரியாகத் திருத்தியிருந்தார். அடுத்த மாத வேலை அதுதான்.